கார் ஜாக்கியும் ஸ்டாண்டும்: குறைந்த செலவில் வீட்டுக்கு வாங்க ஒரு முழு வழிகாட்டி

கடையில் போய் ஜாக்கி கேட்டால் திரும்பி வரும் முதல் கேள்வி, "எத்தனை டன் சார்?" என்பதுதான். ஆன்லைனிலும் படத்துக்கு மேலே பெரிய எழுத்தில் டன்தான் நிற்கும். வீட்டில் சொந்தக் காருக்குச் சின்னச் சின்ன வேலை பார்ப்பவர் கடைசியாகப் பார்க்க வேண்டிய எண் அது. ஒரு ஸ்விஃப்ட்டின் எடை சுமார் 900 கிலோ. ஆல்ட்டோ கே10 அதைவிடக் குறைவு. கிரெட்டா மாதிரி வண்டி 1,300 கிலோவை ஒட்டி வரும். நாம் ஒரே நேரத்தில் முழுக் காரையும் தூக்குவதில்லை. முன்பக்கம் அல்லது பின்பக்கம், பல சமயம் ஒரு மூலை மட்டும். ஒழுங்காகச் செய்த 2 டன் ஜாக்கி எதுவானாலும் இந்த எடையைத் தூக்கிவிடும்.

தூக்குவதற்கு முன்னால் அது காருக்கு அடியில் நுழைய வேண்டும். நுழைந்த பிறகு, தூக்கிய காரைத் தாங்கும் இரும்பு முட்டான ஸ்டாண்டை உள்ளே தள்ளும் உயரம் வரை ஏற வேண்டும். இந்த இரண்டையும் டன் கணக்கு சொல்லாது. வாங்கிவிட்டுத் திருப்பிக் கொடுக்க அலைபவர்கள் பெரும்பாலும் இந்த மில்லிமீட்டர் கணக்கில்தான் மாட்டுகிறார்கள். அதனால் இந்த வழிகாட்டியில் இஞ்சு டேப்புக்குத்தான் அதிக வேலை.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கையில் இருக்கும் பணம் குறைவு என்றால் முதலில் நல்ல ஸ்டாண்ட் ஒரு ஜோடி வாங்குங்கள்; ஜாக்கியில் சிக்கனம் பிடிக்கலாம். ஜாக்கி தூக்குவதற்கான கருவி, தாங்குவதற்கானது இல்லை. ஹைட்ராலிக் ஜாக்கிக்குள் எண்ணெய் அழுத்தத்தைப் பிடித்து வைத்திருப்பது சில ரப்பர் சீல்களும் ஒரு சின்ன வால்வும்தான். சீல் கசிந்தால் கார் மெல்ல இறங்கும். வால்வில் தூசி மாட்டினால் சட்டென்று இறங்கும். ஸ்டாண்டில் எண்ணெயும் இல்லை, சீலும் இல்லை. இரும்பு மேல் இரும்பு உட்கார்ந்திருக்கிறது. ஜாக்கியை மட்டும் நம்பி காருக்கு அடியில் தலையை நுழைப்பது எவ்வளவு விலை உயர்ந்த ஜாக்கியானாலும் கூடாது.

முதலில் வேலையைத் தீர்மானியுங்கள்

பஞ்சர் ஆனால் ஸ்டெப்னி மாற்றுவது மட்டும்தான் உங்கள் தேவை என்றால், காரோடு வந்த, கம்பியால் திருகினால் கத்தரிபோல் விரியும் கத்தரி ஜாக்கியே போதும். புதிதாக எதுவும் வாங்க வேண்டாம். டிக்கியைத் திறந்து அது இருக்கிறதா, திருகும் கம்பி இருக்கிறதா, மரையில் துரு ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். மரையில் கொஞ்சம் கிரீஸ் தடவி ஒரு முறை முழுக்கத் திறந்து மூடி வையுங்கள். செலவு அவ்வளவுதான்.

டயர்களை இடம் மாற்றிப் போடுவது, பிரேக் பேட் மாற்றுவது, ஆயில் மாற்றுவது, அடியில் துருவுக்குப் பெயின்ட் அடிப்பது மாதிரி வேலைகளை வீட்டிலேயே செய்ய நினைத்தால் ஜாக்கி, ஸ்டாண்ட் இரண்டும் வேண்டும். இதில் ஆயில் மாற்றுவதற்கு மட்டும் ஒரு மாற்று வழி உண்டு. காரை ஏற்றி நிறுத்தும் சரிவுப் பலகைகள் இரண்டு கிடைக்கின்றன. அவற்றின் மேல் ஓட்டி ஏற்றிவிட்டால் ஜாக்கியே தேவையில்லை. சக்கரத்தைக் கழற்றும் வேலைக்கு அவை உதவாது.

காரை அளந்து எழுதிக்கொள்ளுங்கள்

காரின் கையேட்டை எடுங்கள். பஞ்சர் பகுதியில் ஜாக்கி வைக்கும் நான்கு இடங்களைப் படம் போட்டுக் காட்டியிருப்பார்கள். மாருதி சுசுகி கையேடுகள் பலவற்றில் இன்னொரு படமும் இருக்கும்: ஒர்க்‌ஷாப் ஜாக்கியால் தூக்கினால் எங்கே வைப்பது, ஸ்டாண்டை எங்கே முட்டுக் கொடுப்பது என்று. இந்த இரண்டாவது படத்தைத்தான் நாம் தேடுகிறோம். கையேடு தொலைந்துவிட்டால் கம்பெனித் தளத்தில் பி.டி.எஃப். ஆகத் தேடிப் பாருங்கள்.

சின்னக் கார்களில் கதவுக்குக் கீழே, காரின் நீளத்துக்கு, இரண்டு தகடுகளைச் சேர்த்து வெல்டு வைத்த ஒரு மடிப்பு தொங்கும். அதில் முன் சக்கரத்துக்குச் சற்றுப் பின்னாலும் பின் சக்கரத்துக்குச் சற்று முன்னாலும் இரண்டிரண்டு வெட்டுகள் இருக்கும். அந்த இரண்டு வெட்டுகளுக்கு நடுவில் இருக்கும் பகுதிக்கு உள்ளே கூடுதல் தகடு வைத்துப் பலப்படுத்தியிருப்பார்கள். தூக்க வேண்டிய இடம் அது. அதை விட்டு நகர்ந்து வைத்தால் தகடு மடங்கும். பொலேரோ, ஸ்கார்ப்பியோ, இன்னோவா கிரிஸ்ட்டா மாதிரி, அடியில் ஏணி போன்ற தனி இரும்புச் சட்டம் (சேஸ்) உள்ள லாடர் ஃப்ரேம் வண்டிகளில் இந்த மடிப்பின் கதையே வேறு. அவற்றைச் சேஸிலோ கையேடு சொல்லும் ஆக்சில் இடத்திலோதான் தூக்க வேண்டும். எலெக்ட்ரிக் கார் வைத்திருப்பவர்கள் கவனிக்க: அடியில் தட்டையாகப் பரந்து கிடப்பது பேட்டரிப் பெட்டி. அதில் ஜாக்கி படவே கூடாது.

இப்போது இஞ்சு டேப்பை எடுத்து மூன்று அளவுகளை எழுதுங்கள். தரையிலிருந்து பக்கவாட்டு ஜாக்கி இடம் வரை எவ்வளவு உயரம்? முன்புறம் நடுவில் தூக்கும் இடம் உண்டு என்று கையேடு சொன்னால், அது எவ்வளவு உயரம்? அந்த நடு இடத்தை எட்ட, பம்பரின் முன் விளிம்பிலிருந்து ஜாக்கி எவ்வளவு தூரம் உள்ளே போக வேண்டும், பம்பரின் அடி விளிம்பு எவ்வளவு தாழ்வாக இருக்கிறது? ஜாக்கியின் தலை நுழைந்தும் அதன் கைப்பிடி பம்பரில் முட்டி, அரைப் பம்ப் கூட அடிக்க முடியாமல் போவது சாதாரணமாக நடப்பதுதான்.

நான்காவதாக ஒரு மனக்கணக்கு: டயரில் காற்று இல்லாதபோது கார் எவ்வளவு இறங்கும்? 165/80 ஆர்14 டயரை எடுத்துக்கொள்வோம். 165-இல் 80 சதவீதம் 132 மி.மீ. அதுதான் தரைக்கும் ரிம்முக்கும் இடையில் இருக்கும் ரப்பர் சுவரின் உயரம். காற்று முழுக்க இறங்கினால் ரிம் மடிந்த ரப்பர் மேல் உட்காரும்; கார் அந்த மூலையில் எட்டு, பத்து செ.மீ. வரை தாழ்ந்துவிடும். நல்ல டயரோடு 20 செ.மீ. இருந்த இடம் இப்போது 10, 12 செ.மீ. அவசரத்துக்கு என்று டிக்கியில் 18 செ.மீ. உயரப் பாட்டில் ஜாக்கியை (பாட்டில் மாதிரி நிமிர்ந்து நிற்கும் ஹைட்ராலிக் ஜாக்கி) வைத்திருப்பவர் இந்த நேரத்தில் என்ன செய்வார்? காரோடு வரும் கத்தரி ஜாக்கி மடித்தால் அவ்வளவு தட்டையாக இருப்பதற்குக் காரணம் இதுதான்.

எந்த ஜாக்கி

கத்தரி ஜாக்கி காரோடு வந்தது. புதிதாக வாங்க அவசியமில்லை. அதன் அடித்தளம் குறுகல். பக்கவாட்டில் ஒரு தள்ளுத் தள்ளினால் சாயும். சாலையோரத்தில் சக்கரம் மாற்றுவதைத் தாண்டி வேறெதற்கும் அதை நம்பக் கூடாது.

பாட்டில் ஜாக்கி விலை குறைவு, தூக்கும் சக்தி அதிகம். 2, 3 டன் ஜாக்கிகள் ஆயிரம் ரூபாயை ஒட்டியே கிடைக்கும். ஆனால் அதன் குறைந்தபட்ச உயரம் பொதுவாக 15 முதல் 19 செ.மீ. வரை. தாழ்வான காரின் பக்கத் தகட்டுக்குக் கீழே அது கஷ்டப்பட்டு நுழையும், அல்லது நுழையவே நுழையாது. நுழைந்தாலும் அதன் வட்டத் தலை சின்னது. தகடு மடிப்பின் மேல் வழுக்கும். லாடர் ஃப்ரேம் வண்டிகளுக்கு இது நல்ல தேர்வு: சேஸ் உயரத்தில் இருக்கும், அடியும் தட்டையாக இருக்கும். ஹாட்ச்பேக்குக்கும் செடானுக்கும் வேண்டாம் என்பதே என் கருத்து, எவ்வளவு மலிவாக இருந்தாலும்.

அடுத்தது டிராலி ஜாக்கி. நான்கு சக்கரத்தில் உருண்டு உள்ளே போகும், தலை அகலம், அடித்தளம் அகலம், நின்றபடியே பம்ப் அடிக்கலாம். வீட்டு வேலைக்கு வாங்க வேண்டியது இதுதான். சின்ன 2 டன் டிராலி சுமார் 13 செ.மீ.யில் தொடங்கி 33, 35 செ.மீ. வரை ஏறும். எடை எட்டு, ஒன்பது கிலோ; விலை பொதுவாக மூன்றாயிரத்தை ஒட்டி. தாழ்வான வண்டிகளுக்கென்று 8, 9 செ.மீ.யிலேயே நுழையும் மெல்லிய ரகமும் உண்டு. அடுத்து 3 டன் நீள டிராலி: 45, 50 செ.மீ. வரை ஏறும், 30 கிலோவைத் தாண்டும், விலை இரண்டு மூன்று மடங்கு. எஸ்.யு.வி. வைத்திருந்து அடிக்கடி வேலை பார்ப்பவருக்கு அந்த உயரம் வேண்டும். மற்றவர்கள் அதை இழுத்து வெளியே எடுக்கவே அலுத்துக்கொள்வார்கள். அபார்ட்மென்டில் நாலு பேர் சேர்ந்து ஒன்று வாங்கி வைத்தால் அது வேறு விஷயம்.

சிகரெட் லைட்டரில் செருகும் எலெக்ட்ரிக் ஜாக்கி, சைலென்சர் புகையில் ஊதும் பலூன் ஜாக்கி என்றெல்லாம் விளம்பரம் வரும். குனிய முடியாதவர்களுக்கு எலெக்ட்ரிக் ஜாக்கி சாலையில் உதவும். குறைந்த செலவில் வீட்டுப் பட்டறை அமைக்க நினைப்பவர் இரண்டையும் தாண்டிப் போகலாம்.

ஸ்டாண்டில் கஞ்சத்தனம் வேண்டாம்

ஸ்டாண்டில் இரண்டு ரகம். ஒன்று ராட்செட்: பல் வெட்டிய தண்டு, பக்கத்தில் ஒரு கைப்பிடி. தண்டை மேலே இழுத்தால் கடகடவென்று ஏறி, ஒரு கொக்கி பல்லில் மாட்டிக்கொள்ளும். இன்னொன்று பின் ரகம்: குழாய்க்குள் குழாய், இரண்டிலும் ஓட்டைகள், குறுக்கே ஒரு தடித்த இரும்புப் பின்.

ராட்செட் வசதியானது, நுணுக்கமாக உயரம் வைக்கலாம். ஆனால் எல்லாம் அந்தக் கொக்கியும் பல்லும் எவ்வளவு ஆழமாகக் கவ்வுகின்றன என்பதில் இருக்கிறது. அமெரிக்காவில் ஹார்பர் ஃபிரெய்ட் என்ற கடைத் தொடர் பிட்ஸ்பர்க் என்ற பெயரில் விற்ற 3 டன், 6 டன் ஸ்டாண்டுகளை 2020-இல் லட்சக்கணக்கில் திரும்பப் பெற வேண்டி வந்தது. தயாரிப்பு அச்சு தேய்ந்துபோனதால் சில ஸ்டாண்டுகளில் கொக்கி பல்லில் போதுமான அளவு மாட்டவில்லை. பாரத்தோடு நிற்கும்போது சற்று அசைந்தால் திடீரென்று இறங்கும் ஆபத்து இருந்தது. அதற்கு மாற்றாகக் கொடுத்த 3 டன் ஸ்டாண்டிலும் வெல்டிங் குறை தெரிந்து, அதே ஆண்டில் அதையும் திரும்பப் பெற்றார்கள். அவ்வளவு பெரிய வியாபாரத்திலேயே இப்படி என்றால், பெயர் தெரியாத பெட்டியில் வரும் மலிவான ராட்செட்டை எப்படி நம்புவது?

அதனால் குறைந்த விலையில் வாங்குகிறீர்கள் என்றால் பின் ரகத்தைத் தேடுங்கள். அதில் கெட்டுப்போக ஒன்றுமில்லை. பின் உள்ளே இருக்கிறதா இல்லையா என்பது கண்ணுக்கு நேரே தெரியும். ஓட்டைக்கு ஓட்டை மூன்று, நான்கு செ.மீ. இடைவெளி இருக்கும், நினைத்த உயரம் சரியாகக் கிடைக்காது. பொறுத்துக்கொள்ளலாம். ராட்செட்தான் கிடைக்கிறது என்றால், கொக்கிக்கு மேலே தண்டின் குறுக்கே ஒரு பூட்டுப் பின்னும் உள்ள இரட்டைப் பூட்டு ரகம் வாங்குங்கள். கொஞ்சம்தான் விலை அதிகம்.

எவ்வளவு டன்? ஹாட்ச்பேக்குக்கும் செடானுக்கும் 2 அல்லது 3 டன் போதும். ஆனால் பெட்டியில் போட்டிருக்கும் டன் ஒரு ஸ்டாண்டுக்கா, ஜோடிக்கா என்று படித்துப் பாருங்கள். சில கம்பெனிகள் இரண்டையும் சேர்த்த கணக்கை அச்சடிக்கின்றன. ஐரோப்பியத் தரம் இ.என். 1494, அமெரிக்கத் தரம் ஏ.எஸ்.எம்.இ. பேஸ் (ASME PASE), ஜாக்கியிலோ ஸ்டாண்டிலோ இந்தப் பெயர் ஸ்டிக்கரில் இருந்தால் நல்லது. ஸ்டிக்கர் மட்டும் போதாது, வெல்டையும் பார்க்க வேண்டும்.

6 டன் வாங்கினால் இன்னும் பாதுகாப்பு என்று நினைப்பவர்கள் உண்டு. அங்கேதான் மறுபடி மில்லிமீட்டர் வருகிறது. 2, 3 டன் ஸ்டாண்டை முழுக்க இறக்கி வைத்தால் 27 முதல் 29 செ.மீ. உயரம். 6 டன் ஸ்டாண்டு இறக்கிய நிலையிலேயே 38, 40 செ.மீ. நிற்கும். 33 செ.மீ. மட்டுமே ஏறும் சின்ன டிராலியை வைத்துக்கொண்டு அதை எப்படி உள்ளே தள்ளுவது?

ஜாக்கிக்கும் ஸ்டாண்டுக்கும் பொருத்தம் பார்க்கும் கணக்கு

வாங்குவதற்கு முன் உட்கார்ந்து ஐந்து நிமிடம் போட வேண்டிய கணக்கு இது. ஒரு சின்ன ஹாட்ச்பேக்கை உதாரணமாக எடுப்போம். பக்கவாட்டு ஜாக்கி இடம் தரையிலிருந்து 20 செ.மீ. என்று வையுங்கள். முன்புறம் நடுவில் தூக்கும் இடம் 18 செ.மீ. ஸ்டாண்டின் குறைந்த உயரம் 28 செ.மீ. அதாவது பக்கவாட்டு இடம் 28-ஐத் தாண்டி, தள்ளி உள்ளே வைக்கக் கொஞ்சம் இடைவெளியும் சேர்த்து, 30 செ.மீ.யாவது வர வேண்டும். 10 செ.மீ. ஏற்ற வேண்டும்.

முன்பக்கத்தை நடுவில் தூக்கும்போது கார் பின் சக்கரங்களை அச்சாக வைத்து எழுகிறது. ஸ்டாண்ட் வைக்கும் இடம் முன் சக்கரத்துக்குச் சற்றுப் பின்னால் இருப்பதால் ஜாக்கி ஏறும் அளவுக்கு அது ஏறாது. ஐந்தில் நான்கு பங்கு ஏறும் என்று வைத்துக்கொள்ளலாம். 33 செ.மீ. ஜாக்கி 18-இல் தொடங்கினால் 15 செ.மீ. தூக்கும், ஸ்டாண்ட் இடம் 12 செ.மீ. உயர்ந்து 32-க்கு வரும். ஸ்டாண்ட் நுழையும், ஆனால் அதிகம் மிச்சமில்லை. இதே ஜாக்கியை 23 செ.மீ.யில் தொடங்கும் எஸ்.யு.வி.க்குப் போட்டால் 10 செ.மீ.தான் தூக்கும். அந்த வண்டிகளில் ஸ்பிரிங் நீளமாக இறங்கும், 10 செ.மீ.யில் சக்கரம் தரையை விட்டுக் கிளம்பாமலே போகலாம். உயரம் போதாத ஜாக்கியின் தலையில் கட்டை மேல் கட்டை அடுக்கித் தூக்குவதைப் பட்டறைகளில் பார்த்திருப்பீர்கள். வீட்டில் வேண்டாம்.

பக்கவாட்டு வெட்டில் ஜாக்கியை வைத்துத் தூக்கினால் ஸ்டாண்டுக்கு அந்த இடம் இருக்காது. இதை யோசிக்காமல் வாங்கிவிட்டு, ஒரே இடத்துக்கு ஜாக்கியும் ஸ்டாண்டும் போட்டி போடும்போதுதான் முழிப்பார்கள். கையேட்டின் இரண்டாவது படத்தை முதலிலேயே தேடச் சொன்னது இதற்காகத்தான். நடுவில் தூக்கி, பக்கத்தில் முட்டுக் கொடுப்பதுதான் நேரான வழி. உங்கள் கார் அதை அனுமதிக்கவில்லை என்றால், பழகிய மெக்கானிக்கிடம் காரைக் காட்டி, "ஸ்டாண்ட் எங்கே வைப்பீர்கள்?" என்று கேட்டுச் சாக்பீஸால் குறித்துக்கொள்ளுங்கள்.

எவ்வளவு செலவாகும்

ஹாட்ச்பேக், செடானுக்கு: சின்ன 2 டன் டிராலி ஒன்று, 2 அல்லது 3 டன் ஸ்டாண்ட் ஒரு ஜோடி, நடுவில் பள்ளம் வெட்டிய ரப்பர் பேட் மூன்று, சக்கரத்துக்கு முட்டுக் கட்டை நான்கு. எல்லாம் சேர்த்து ஐந்தாயிரத்திலிருந்து ஏழாயிரத்துக்குள் முடிக்கலாம். ரப்பர் பேட் அலங்காரம் இல்லை: அது இல்லாவிட்டால் ஸ்டாண்டின் தலை அந்தத் தகடு மடிப்பை நசுக்கும், பெயின்ட் உதிரும், அங்கேயே துரு தொடங்கும். முட்டுக் கட்டைக்கு அதிகம் செலவழிக்க வேண்டாம். மரக்கடையில் நாலுக்கு நாலு அங்குலக் கட்டையில் ஒரு துண்டு வாங்கிச் சரிவாக அறுத்துத் தரச் சொல்லுங்கள்.

லாடர் ஃப்ரேம் வண்டிக்கு: 5 டன் பாட்டில் ஜாக்கியும் 3 டன் ஸ்டாண்ட் ஒரு ஜோடியும். ஸ்டாண்டின் அதிகபட்ச உயரம் 42 செ.மீ.க்குக் குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். டிராலியைவிட இது மலிவாகவே முடியும்.

பழைய சாமான் வாங்கலாமா? சென்னையில் புதுப்பேட்டை, ஊருக்கு ஊர் காயலான் கடை என்று தேடினால் கழற்றிய கார்களின் கத்தரி ஜாக்கி சொற்ப விலைக்குக் கிடைக்கும். தொலைத்தவர்கள் தாராளமாக வாங்கலாம். பழைய டிராலியும் பரவாயில்லை, உடம்பு நெளியாமல் இருந்து எண்ணெய் மட்டும் கசிகிறது என்றால் சீல் மாற்றிக்கொள்ளலாம். பழைய ஸ்டாண்ட் மட்டும் வாங்காதீர்கள். அது எத்தனை முறை எந்த லாரிக்கு அடியில் நின்றது என்று யாருக்குத் தெரியும்?

கடையில் கையால் சோதிப்பது

ஆன்லைனில் சில நூறு ரூபாய் குறையலாம். ஆனாலும் நேரில் வாங்கவே சொல்வேன். சென்னைக்காரர்களுக்கு ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு இருக்கிறது. மற்ற ஊர்களில் பெரிய ஹார்டுவேர் கடைகளில் டிராலி வைத்திருப்பார்கள்.

ஸ்டாண்டை எடுத்துத் தலைகீழாகத் திருப்புங்கள். காலும் உடம்பும் சேரும் இடத்தில் வெல்டு தொடர்ச்சியாக ஓடியிருக்க வேண்டும். இடையிடையே புள்ளி வைத்ததுபோல் இருந்தாலோ, ஓட்டை ஓட்டையாக நுரைத்திருந்தாலோ வைத்துவிடுங்கள். தரையில் நிறுத்திப் பாருங்கள், நான்கு காலும் படிகிறதா? ராட்செட் என்றால் ஒவ்வொரு பல்லாக ஏற்றி, ஒவ்வொன்றிலும் தலையை உள்ளங்கையால் ஓங்கி அழுத்துங்கள். கொக்கி அரைகுறையாக மாட்டும் பல் ஒன்று இருந்தாலும் அந்த ஜோடி வேண்டாம்.

ஜாக்கியில் முக்கியம் இறக்கும் வால்வு. மலிவான டிராலிகள் எல்லாம் ஏறும்; ஒழுங்காக இறங்குவதில்தான் வித்தியாசம். முழுக்க ஏற்றி, கடைப்பையனை அதன் தலையில் காலால் அழுத்தச் சொல்லிவிட்டு, கைப்பிடியை இம்மி இம்மியாகத் திருப்புங்கள். மெல்ல இறங்கினால் நல்லது. ஒன்றும் நடக்காமல் இருந்து திடீரென்று தொப்பென்று விழுந்தால், ஒரு டன் காரோடு அது எப்படி இறங்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். பிஸ்டன் தண்டைச் சுற்றி எண்ணெய் ஈரம் இருக்கக் கூடாது. ஜாக்கியின் சக்கரங்கள் நான்கும் சுழல வேண்டும். இது சின்ன விஷயம் மாதிரித் தெரியும், அடுத்த பகுதியில் ஏன் என்று புரியும்.

தரையைப் பாருங்கள்

நம் ஊர் வீடுகளில் கார் நிற்கும் போர்டிகோ, மழைத் தண்ணீர் வடிய வேண்டும் என்று தெருப்பக்கம் சரித்தே கட்டியிருப்பார்கள். கண்ணுக்குத் தெரியாது, ஒரு கோலிக்குண்டை வைத்தால் தெரியும். குண்டு வேகமாக உருண்டால் அங்கே காரைத் தூக்காதீர்கள். தூக்க மட்டமான இடம் வேறு தேடுங்கள்.

டிராலி ஜாக்கியின் கை நேராக மேலே போவதில்லை, வளைந்து போகிறது. தலை காரில் ஒரே இடத்தில் நிற்க வேண்டுமானால் ஜாக்கி தரையில் முன்னே பின்னே உருள வேண்டும். சிமென்ட் தரையில் தானாக உருளும். இன்டர்லாக் கல் பதித்த தரையில் அந்தச் சின்ன இரும்புச் சக்கரம் கல் இடுக்கில் மாட்டிக்கொள்ளும். பிறகு ஒன்று ஜாக்கித் தலை காரில் வழுக்கும், அல்லது காரையே இழுக்கும். இடைவெளி விட்டு ஒட்டிய பார்க்கிங் டைல்ஸ் என்றால் சக்கரத்துக்குக் கீழே டைல் உடையும். 18 மி.மீ. பிளைவுட் துண்டு ஒன்றை, ஜாக்கியைவிட நீளமாக, கீழே விரித்துவிட்டால் இந்தத் தொல்லைகள் தீரும். ஸ்டாண்டின் கால்களுக்கும் ஆளுக்கொரு பிளைவுட் துண்டு வையுங்கள். மண் தரையிலும், வெயிலில் இளகிய தார் ரோட்டிலும் ஸ்டாண்ட் ஒரு பக்கமாகப் புதையும். அங்கே பிளைவுட் வைத்தும் இந்த வேலை வேண்டாம்.

தூக்கும் முறை

முன்பக்கத்தைத் தூக்கினால் பின் சக்கரங்கள்தான் காரைப் பிடித்திருக்கும். ஹேண்ட் பிரேக் பெரும்பாலான கார்களில் பின் சக்கரத்தில் மட்டுமே வேலை செய்யும். எனவே அதை இறுக்கி இழுத்து, பின் சக்கரங்களுக்குப் பின்னால் கட்டை வையுங்கள். பின்பக்கத்தைத் தூக்கும்போது கதை தலைகீழ். ஹேண்ட் பிரேக் பிடிக்கும் சக்கரங்கள் காற்றில் தொங்குகின்றன. முன் சக்கரம் இழுக்கும் காரில் கியர்தான் துணை: மேனுவல் என்றால் முதல் கியர், ஆட்டோமேட்டிக் என்றால் 'பி' (பார்க்). மேனுவல் கியரையே தானாக மாற்றும் ஏ.எம்.டி. கார்கள் பெரும்பாலானவற்றில் 'பி' கிடையாது. கியரில் விட்டு இன்ஜினை அணைக்க வேண்டும். முன் சக்கரங்களுக்கு முன்னாலும் பின்னாலும் கட்டை கட்டாயம்.

சக்கரத்தைக் கழற்றப் போகிறீர்கள் என்றால் கார் தரையில் இருக்கும்போதே நட்டுகளை அரைச் சுற்று இளக்கிவிடுங்கள். தூக்கிய பிறகு ஸ்பேனரை மிதித்தால் கார் ஆடும். உள்ளே யாரும் உட்கார்ந்திருக்கக் கூடாது. குழந்தைகளை வீட்டுக்குள் அனுப்பிவிடுங்கள், தெருநாயையும் விரட்டிவிடுங்கள்.

ஜாக்கித் தலையை இடத்துக்கு நேரே கொண்டுபோய், தொடும் வரை ஏற்றுங்கள். குனிந்து டார்ச் அடித்துப் பாருங்கள்: சரியான இடத்திலா, பைப்பிலோ ஆயில் சட்டியிலோ படுகிறதா? பிறகு பத்துப் பத்துப் பம்ப்பாக ஏற்றி, நடுநடுவே கட்டைகளையும் ஜாக்கிச் சக்கரங்களையும் பாருங்கள். உயரம் வந்ததும் ஸ்டாண்டுகளைப் பக்கத்திலிருந்து தள்ளுங்கள், தலையைக் கீழே கொடுக்காமல். இரண்டும் ஒரே உயரத்தில் இருக்க வேண்டும்: ஒரே பல், அல்லது ஒரே ஓட்டை. வால்வை மெல்லத் திறந்து காரை ஸ்டாண்ட் மேல் உட்கார வையுங்கள்.

இனி ஒரு சோதனை பாக்கி. வெளியே நின்றபடி காரின் ஓரத்தில் கை வைத்து நன்றாக ஆட்டுங்கள். விழ வேண்டுமென்றால் இப்போதே விழட்டும். ஆடாமல் நின்றால் ஜாக்கியை மறுபடி ஏற்றி, காரைத் தொட்டும் தொடாமலும் துணைக்கு விட்டுவையுங்கள். கழற்றிய சக்கரத்தைப் பக்கத் தகட்டுக்குக் கீழே படுக்கப் போடுங்கள். எல்லாம் கைவிட்டாலும் கார் அதன் மேல்தான் உட்காரும், உங்கள் மேல் இல்லை. இந்தப் பாதுகாப்புக்குப் பைசா செலவில்லை.

ஸ்டாண்டுக்குப் பதிலாகச் செங்கல், ஹாலோ பிளாக் என்று யோசனை வரும், ஏனென்றால் வீட்டு மூலையில் அதுதான் கிடக்கும். ஹாலோ பிளாக் சுவரில் பரவலாக வரும் பாரத்துக்குச் செய்தது. ஒரே புள்ளியில் காரின் எடை இறங்கினால் முன்கூட்டிச் சொல்லாமல் நொறுங்கும். ஒரு நிமிடத்துக்குக்கூட வேண்டாம்.

வாங்கிய பிறகு

டிராலியையும் பாட்டிலையும் முழுக்க இறக்கியே வையுங்கள். பிஸ்டன் தண்டு வெளியே நீட்டியிருந்தால் அதில் துரு பிடிக்கும்; கடலோர ஊர்களில் இன்னும் வேகமாக. துருப்பிடித்த தண்டு சீலைக் கிழிக்கும். பாட்டில் ஜாக்கியை டிக்கியில் படுக்க வைத்தால் எண்ணெய் கசிந்து நாறும். நிமிர்த்தி ஓரமாகக் கட்டி வையுங்கள்.

கொஞ்ச நாள் கழித்து ஜாக்கி பாதி வரை ஏறி நின்றுவிட்டால் உடனே கெட்டுவிட்டது என்று எண்ண வேண்டாம். உள்ளே காற்று புகுந்திருக்கலாம். பாரம் எதுவும் இல்லாமல் வால்வைத் திறந்து வைத்துப் பத்துப் பதினைந்து முறை வேகமாகப் பம்ப் அடியுங்கள், பிறகு வால்வை மூடி ஏற்றிப் பாருங்கள். அப்படியும் ஏறவில்லை என்றால் எண்ணெய் குறைந்திருக்கும். ஜாக்கியை இறக்கிய நிலையில் ரப்பர் மூடியைத் திறந்து ஹைட்ராலிக் ஆயில் ஊற்றுங்கள், ஐ.எஸ்.ஓ. 22 அல்லது 32 ரகம், சின்ன டப்பா போதும். கையில் இருக்கிறதே என்று பிரேக் ஆயிலை ஊற்றினால் சீல்கள் உப்பி வீணாகும். எண்ணெய் ஊற்றியும் பாரத்தோடு தானாக இறங்குகிறது என்றால் சீல் போய்விட்டது. பெரிய ஜாக்கிக்குச் சீல் மாற்றிக் கொடுக்க ஹைட்ராலிக் ரிப்பேர் கடைகள் உண்டு. மூவாயிரம் ரூபாய் டிராலிக்குக் கூலி கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். பல சமயம் புதிதே லாபம்.